நீருக்கடியில் நாற்பது குல்லட்

அன்று இருந்தவர்கள்: பயிற்சி தரும் மேடம், பஞ்சாபி, அறுபது தாண்டியவர். கிட்வாய் நகர் அக்கா, மத்திய அரசு ஆபீசில் கிளார்க், ஊர் திருநெல்வேலிப் பக்கம். குருகிராமில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி, டெல்லியிலேயே பிறந்த தமிழர், முப்பது வயது. அப்புறம் நான், நீச்சல் குளத்தின் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன். வேறு யாரும் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணி. மற்றவர்களுக்குக் குளம் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

இவர்கள் வருடம் ஒருமுறை கடலில் ஒரு தீவுக்குப் போவார்கள். கடலுக்கடியில் பவளப்பாறையில் கிடக்கும் குப்பையை எண்ணி, பலகையில் எழுதி, எடுத்து வருவார்கள். கூலி கிடையாது. டிக்கெட்டும் அவரவர் செலவு.

குப்பை பொறுக்க என்ன படிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பொறுக்குவது எளிது. பாறையைத் தொடாமல் பொறுக்க வேண்டும். பவளம் உயிருள்ளது, காலில் மாட்டிய துடுப்பு பட்டாலே ஒடிந்துவிடும் என்று மேடம் சொன்னார். நான் தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். சங்கு கையில் வந்ததும் பாறையை ஓர் உதை உதைத்து மேலே வருவேன். என்ன ஒடிந்தது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

டெல்லியில் பவளத்துக்கு எங்கே போவது? டீக்கடையில் தரும் மண் குவளைதான், குல்லட். நாற்பது வாங்கி, குளத்தின் ஆழமான பக்கம் தரையில் நெருக்கி வைப்பேன். நடுநடுவே இருபத்தைந்து குப்பை: பாட்டில், செருப்பு, குட்கா பாக்கெட், ஒரு மீன்வலை. மூச்சைப் பிடித்து இறங்கி நானே வைப்பேன். மூன்று குல்லட் வரை விழலாம். நான்காவது விழுந்தால் அந்த வருடம் கடலுக்குள் இறங்க முடியாது. படகிலேயே உட்கார்ந்து குப்பை மூட்டையை எடை போட வேண்டியதுதான்.

தம்பி தேறிவிட்டார். அக்கா முதல் தடவை பதினொன்றைச் சாய்த்தார். அடுத்த தடவை ஏழு. அன்று கடைசி வாய்ப்பு. வருகிற சனிக்கிழமை புறப்பாடு.

"ஆன்ட்டி, இன்னைக்கு ஒரு நாலு குல்லட் மிச்சம் வையுங்க. சாய் குடிக்கணும்," என்றார் தம்பி.

"சும்ம கெட டே. நீ மொத நாளு மேடத்த ஒதச்சவன்தான?" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே, வலைய எங்க கெட்டியிருக்கிய?"

"சொல்ல மாட்டேன்க்கா."

"படகுல ஒக்காரவா பத்து நாள் லீவு வாங்குனேன்? பாப்போம்."

இறங்கினார். முதுகில் காற்று சிலிண்டர். நான் கரையில் குந்தியிருந்து பார்த்தேன். முன்பெல்லாம் கையை வீசுவார். அன்று இரண்டு கையும் நெஞ்சோடு இருந்தன. தலை கீழே, கால் மேலே. மூச்சை இழுத்தால் கொஞ்சம் ஏறினார், விட்டால் கொஞ்சம் இறங்கினார். இரண்டு விரலால் பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டு, பலகையில் கோடு கிழித்தார். ஐம்பத்திரண்டு வயது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிற உடம்பு. எனக்கு வராத வேலை அது.

வலைக்கு வந்தார். ஐந்து குல்லட்டின் மேல் கிடந்தது. கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். இழுக்கவே இல்லை. பாதி வெட்டியதும் சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். கத்தரியைச் செருகிவிட்டு மேலே வந்துவிட்டார்.

பலகையில் எழுதியிருந்தது: எடுத்தது 24. விட்டது 1, வலை, பாதி.

"சரி. காற்று குறைந்தால் விட்டுவிட்டு வர வேண்டியதுதான்," என்றார் மேடம்.

தம்பி மேலிருந்தே குனிந்து எண்ணினார். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆன்ட்டி... நாலு கிடக்குது."

அக்கா முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எண்ணுவது என் வேலை. இறங்கினேன். நான்குதான். நான்காவது வலைக்கு அடியில் கிடந்தது. கிட்டப் போனதும் தெரிந்தது. அன்று காலை வலை கட்டும்போது என் முழங்கால் பட்டு விழுந்தது அது. உருண்டு மற்றதை இடிக்காமலிருக்க வலை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அடுத்த மூச்சில் நிமிர்த்தலாம் என்று மேலே வந்தேன். மறந்துபோனேன்.

மேலே வந்து சொன்னேன். மேடத்துக்கு இந்தியில், அக்காவுக்குத் தமிழில்.

"எனக்காவ சொல்லாதியண்ணே. படகுலயே இருந்துக்கிடுதேன்," என்றார் அக்கா.

"உங்களுக்காக இல்ல. என் முட்டி தட்டுனது."

"பக்கா?" என்று கேட்டார் மேடம்.

"நீங்களே பாருங்க மேடம். முடிச்சு அப்படியே இருக்கு."

மேடம் முகமூடி மாட்டி இறங்கினார். வெகுநேரம் இருந்த மாதிரி இருந்தது. தம்பி அக்காவுக்குத் துண்டு கொடுத்தார். அவர் துடைக்கவில்லை.

மேடம் வந்து என்னைத்தான் பார்த்தார். "இவள் வலையை இழுத்திருந்தால்?"

"முடிச்சு அவிழ்ந்திருக்கும். என் பேச்சை யார் நம்புவார்கள்?"

மேடம் அக்காவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். ஈரக் கையோடு நோட்டை எடுத்து எழுதினார்.

விழுந்தது மூன்று.