இனிப்புத் தோசை மாவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் ஒரு பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலூற்றிக் கலக்கினாள். பான்கேக்காம். "அத்தை, உங்களுக்கு இனிப்பா, காரமா?" என்று கேட்டுவிட்டு, இனிப்பை முதலில் ஊற்றினாள். எனக்குப் பதறியது. "ஒட்டாத கல்லுதானே அத்தை" என்று சிரித்தாள். காரமே போதும் என்றேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கல் இரும்புக் கல். வெல்லம் பட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு காரத் தோசை பிய்ந்து பிய்ந்துதான் வரும். அதனால் காரம் முதலில், இனிப்பு கடைசியில். திண்டுக்கல்லில் ரேஷன் கோதுமையைத் தின்று எல்லோரும் முகம் சுளித்த அறுபதுகள் அவை. அம்மா அந்தக் கோதுமை மாவை இரண்டாகக் கரைப்பாள். ஒன்றில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம். மற்றதில் மண்டைவெல்லப் பாகு, ஏலக்காய், பொடியாக நறுக்கிய தேங்காய். காரம் எனக்கும் தம்பிக்கும். இனிப்பு அப்பாவுக்கு, அவர் தின்றது போக எங்களுக்கு ஆளுக்கொன்று.

அப்பா எங்களோடு இல்லை. புகையிலைக் கமிஷன் கடை வைத்திருந்தார். நாகல் நகரில் இன்னொரு வீடும் வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு எங்கள் வீட்டில் 'அங்க' என்று பெயர். எங்களிடம் வருவது ஞாயிறு காலை மட்டும், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. நடந்தே வந்துவிடலாம், அவ்வளவு பக்கம். அதுதான் இன்னும் எரிச்சல்.

இனிப்புத் தோசைதான் அவரை இழுத்து வருகிறது என்று அம்மா நம்பினாள். அவளிடம் வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள். அவர் வராவிட்டால் எங்களுக்கும் ஊற்ற மாட்டாள். "செத்த நேரம் பொறு புள்ள, வந்துருவாரு" என்று மூடியே வைத்திருப்பாள். வெயில் ஏறி மாவு புளித்ததும் அது பால்காரர் மாட்டுக்குப் போகும். அந்த மாட்டின் மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு ஞாயிறு வந்தார். நல்ல பசி போல, ரசித்துத் தின்றார். அடுத்து எங்கள் முறை என்று தட்டோடு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கேட்டார்.

"மிச்ச மாவு இருந்தா ஒரு தூக்குல ஊத்திக் குடு. அங்க எம்புட்டுச் சொன்னாலும் இந்தப் பக்குவம் வரமாட்டேங்குது."

அம்மா எழுந்து பித்தளைத் தூக்கை எடுத்தாள். அவள் கல்யாணச் சீரில் வந்தது. மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். மாவு முழுவதையும் அதில் ஊற்றினாள். சட்டியை விரலால் வழித்து அதையும் போட்டாள்.

"அம்மா, எங்களுக்கு?" என்றான் தம்பி.

"இம்புட்டும் கொண்டு போங்க" என்றாள் அப்பாவிடம்.

வேண்டாம் என்று சொல்வாரென அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வாரேன்" என்று தூக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனிதருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு மனசு ஆறவில்லை. அம்மா அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள்.

அதற்கப்புறம் காரம் மட்டும்தான். அப்பா வந்தார், தின்றார், போனார். சில மாதம் கழித்து ஒருநாள், "இனிப்பு ஊத்தலையா?" என்று கேட்டார்.

அம்மா கல்லைவிட்டுத் திரும்பவில்லை. "அந்த மாவத்தான் அன்னைக்கே கொண்டு போயிட்டீகளே."

அதோடு வருவதை நிறுத்திவிட்டார். அம்மா நம்பியது சரிதான், தோசைக்காகத்தான் வந்திருக்கிறார். எங்களுக்காக வந்ததாக நானும் தம்பியும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. புகையிலைக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எங்கள் கல் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. அந்தத் தூக்கும் திரும்பி வரவேயில்லை. அம்மா சாகும்வரை கேட்கவுமில்லை. அதில் 'அங்க' தினமும் பால் வாங்கியிருப்பார்கள், மூடியில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே.