என் தோளுக்கு வந்த துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் கணவர் மாடியில் பாயை விரித்து, துப்பாக்கியைப் பிரித்து வைத்துத் துடைப்பார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் அம்பத்தூரில் ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் காவலராக இருந்தார். துப்பாக்கி அவருடைய சொந்தம். லைசென்ஸ் எடுத்து வாங்கிய டபுள் பேரல், இரட்டைக்குழல். துடைத்து முடித்ததும் குழல்களை மட்டும் வானத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் கண்ணில் வைப்பார்.

உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் போகும். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் காசளவு வானம். ஒருமுறை ஏரிப் பக்கமிருந்து வந்த கொக்கு ஒன்று அந்தக் காசைக் கடந்து போனது. அடுப்பில் பால் இருப்பதை மறந்து நான் அப்படியே நின்றிருந்தேன்.

ஒருநாள் காலை நடை போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்ற வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

காரியங்கள் முடிந்ததும் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். லைசென்ஸ் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று தன்மையாகச் சொன்னார். அவர் சொன்னபடி நகரத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். விற்றுவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் பொறுக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைக்காரர் வயதானவர். "வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம்மா. ஆனா பயிற்சி எடுத்திருக்கணும். உங்க வீட்ல யார் எடுப்பாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஆவடிக்கு வெளியே, முள்மரங்களும் மண்மேடும் சூழ்ந்த திடல் ஒன்றில் பயிற்சி நடந்தது. விடியற்காலையில் போனால் பனி தரையோடு கிடக்கும். மேட்டின் முன்னால் நட்ட குறி அட்டைகள் இடுப்புக்குக் கீழே எதுவுமில்லாமல் மிதப்பதுபோல் நிற்கும். ஓய்வுபெற்ற ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். பயிற்சி கொடுத்தவர் முன்பு போலீசில் இருந்த ஓர் அம்மாள். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டோம்.

முதல் சில நாட்கள் தோட்டாவே கொடுக்கவில்லை. எப்படிப் பிடிப்பது, எப்படித் திறந்து காட்டுவது, நடக்கும்போது குழல் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்று அதிலேயே போயிற்று. "சுடறது கடைசி வேலை" என்பார் மேடம். "முதல்ல மறைவுக்குப் போங்க. எதிர்ல வர்றவனுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு பாருங்க. சத்தம் போட்டு நிறுத்துங்க. அப்பவும் நிக்காம வந்தா மட்டும்தான் மிச்சமெல்லாம்."

எனக்கு அந்தச் சத்தம்தான் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று பேசிப் பேசியே பழகிய குரல். 'நில்லு' என்று சொல்லச் சொன்னால், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி சொன்னேன். ஆண்கள் சிரிப்பை அடக்கினார்கள். மேடம் என்னைத் தனியாக முள்மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"யாராவது போகாம நின்னிருக்கக்கூடாதான்னு நினைச்சிருப்பீங்கல்ல, அவங்களை நினைச்சுச் சொல்லுங்க" என்றார்.

பனிக்குள் வாசற்படி தெரிந்தது. பாதி கழற்றிய செருப்பு தெரிந்தது. "நில்லு" என்று கத்தினேன். முள்மரங்களிலிருந்து மைனாக்கள் மொத்தமாக எழும்பின. மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சுடத் தொடங்கியபின் எனக்குப் பிடித்தது வெடிச்சத்தம் அடங்கியபின் வரும் அமைதிதான். காதில் அடைப்பான், அதற்குள் என் மூச்சு. புகை அவசரமில்லாமல் பனியோடு கலக்கும். அட்டைக்கு நடந்துபோய்ப் பார்ப்போம். அங்கே கொடுத்த துப்பாக்கியும் டபுள் பேரல்தான். வலது குழலின் ஈயமணிகள், மழை தொடங்கும்போது புழுதியில் விழும் துளிகள்போல் பரவியிருக்கும். இடது குழலுக்கு நுனியில் உள்வாய் சற்று இறுக்கம். அதைச் சோக் என்பார்கள். அதன் மணிகள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குத்தியிருக்கும்.

சான்றிதழ் கிடைத்தது. விசாரணையெல்லாம் முடிந்து லைசென்சும் வந்தது, கடையிலிருந்து துப்பாக்கியும் வந்தது. என் கணவர் இருந்த கம்பெனியிலேயே என்னை எடுத்துக்கொண்டார்கள். வேன் ஓட்டியவர் பூந்தமல்லிக்காரர். என் கணவரோடும் வேலை பார்த்தவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

கணவருடைய துப்பாக்கியை 'அவர் துப்பாக்கி' என்றுதான் சொல்வேன். அது என்னிடம் சரியாக உட்காரவில்லை. வேனுக்குள் ஏறினால் குழல் கூரையில் இடிக்கும். தோளுக்குக் கொண்டுவந்தால் பின்பக்கத்து மரக்கட்டை அக்குளில் சிக்கும்.

"இன்னாக்கா இது, தென்னந்தொரட்டி கணக்கா கீது" என்றார் பாய். "மண்ணூர்பேட்டைல நம்ம மச்சான் லேத் போட்டுகினு கீறான். கொழாயைக் கொஞ்சம் அறுத்துட்டா கைக்கு அடக்கமா ஆயிடும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குழலை அறுத்தா லைசென்ஸ் போயிடும்மா. கேசாகி உள்ளேயும் போகணும், நீங்களும் அந்த லேத்காரரும். நுனியில இருக்கற இறுக்கமும் போயிடும். ரோட்டுல வெடிச்சா மணி எங்க போகும்னு சொல்ல முடியாது." பிறகு என்னை நிற்க வைத்து, துப்பாக்கியைத் தோளில் பிடிக்கச் சொன்னார். "உங்களுக்கு இடைஞ்சல் குழல் இல்ல. கட்டைதான். அது உங்க வீட்டுக்காரர் உயரத்துக்கு இருக்கு. அதைக் குறைக்கலாம், தப்பில்ல."

கட்டையைக் கழற்றி, பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு அறுத்தார். பழுப்பு மரத்தூள் மேஜையில் வெயில் விழுந்த இடத்தில் குவிந்தது. மூடியிருந்த ஏதோ பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை. அறுந்த துண்டு பிஸ்கட் அளவுதான் இருந்தது. என் கணவர் தோள் உரசி உரசி அதன் விளிம்பு வழுவழுப்பாகியிருந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ரப்பர் வைத்துத் திரும்பப் பூட்டியதும் துப்பாக்கி தானாக ஏறி என் தோளில் அமர்ந்தது. கன்னம் கட்டையில் படிந்தது. கூரையில் இடிக்காமல் வேனில் எப்படி ஏறுவது என்பதை மேடமே வந்து காட்டிக்கொடுத்தார். 'அவர் துப்பாக்கி' என்று சொல்வது அதற்குப்பின் எப்படியோ நின்றுபோனது.

மண்ணூர்பேட்டையில் ஒரு பிற்பகல். மழை விட்டு வெயில் அடித்து, ரோடு முழுக்க ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊழியர் பணப்பெட்டியோடு ஏடிஎம்முக்குள் நுழைந்துகொண்டிருந்தார். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் ஒரு பைக்கில் எங்களைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்தார்கள். வேனுக்கு அருகே வேகம் குறைந்தது. பின்னால் இருந்தவன் தோள்பைக்குள் கையை விட்டான்.

அதன்பின் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தது. நான் வேனின் முன்சக்கரத்துக்குப் பின்னால் போயிருந்தேன். துப்பாக்கி கையில் தாழ்ந்து நின்றது. அவர்களுக்குப் பின்னால் பார்த்தேன். டீக்கடை, ஆவி, ஆட்டோவில் குழந்தையை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண். குழந்தையின் காலில் மஞ்சள் நிற ஷூ.

"நில்லு. கையை வெளிய எடு" என்றேன்.

என் குரல் தெருவின் அந்தக் கோடிவரை போனது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை மேலே தூக்கியபடியே நின்றது. பின்னால் இருந்தவன் கையை மெல்ல வெளியே எடுத்தான். கையில் ஒன்றுமில்லை. முன்னால் இருந்தவன் பைக்கைத் திருப்பினான். வேகமாகக்கூடப் போகவில்லை. ஆவிக்குள் கரைந்துபோனார்கள்.

பாய் வேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அட்ரஸ் கேக்க வந்தானுங்களோ இன்னமோக்கா" என்றார்.

"இருக்கலாம் பாய்."

"இல்லன்னா?"

"இல்லன்னாலும் போயிட்டாங்க."

போலீஸ் வந்து கேமராவைப் பார்த்தார்கள், எங்களிடம் விசாரித்தார்கள். பைக்கில் வந்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மேலாளர் கூப்பிட்டு, ஒருமுறையாவது மேலே பார்த்துச் சுட்டிருக்கலாமே என்றார். "மேலே போனது கீழே வரும் சார். பின்னாடி ஒரு குழந்தை இருந்தது" என்றேன்.

துப்பாக்கியைக் கம்பெனி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு ரயிலேறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பட்டாபிராம் தாண்டியது நினைவிருக்கிறது. பிறகு நினைவில்லை. கணவர் போனபின் அப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்ததே கிடையாது. யாரோ ஒரு பூக்காரி தொட்டு எழுப்பி, "எங்க எறங்கணும்மா?" என்றாள். வெளியே வேப்பம்பட்டு என்ற பலகை. என் ஊர் பின்னால் போய்விட்டிருந்தது.

இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்காகப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தண்டவாளத்துக்கு அப்பால் வயலாக இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, வானத்தின் நிறத்தில் கிடந்தது. ஒரு ரயில் வந்தது. கூட்டமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, குழலுக்குள் காசளவாகப் பார்த்த வானம் அங்கே வயலளவு கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.