என் வாய்க்கு வேறொருத்தி குரல்

மேடை நாடகத்தில் சிரிப்பு வேஷம் கட்டியே அரை ஆயுசைக் கழித்தவள் நான். வாழப்பாடி, கெங்கவல்லிப் பக்கமெல்லாம் திருவிழா என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வசனத்தைக் காதில் வாங்கிக்கொள்வேன். ஆனால் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் அவள் என்ன சிரிப்புக்காரி? எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்து மாற்றிப் போட வேண்டும்.

சில வருடம் முன்பு எங்கள் பக்கம் சினிமா எடுக்க வந்தார்கள். போர்வெல் வண்டிக்காரனுக்கு மாமியார் வேஷம். "உங்க பேச்சுதாம்மா எங்களுக்கு வேணும்" என்றார் டைரக்டர். போர் ஓட்டியும் தண்ணீர் வராமல் வெறும் புழுதி கிளம்புகிற காட்சி. "ஏனுங் மாப்ள, தண்ணி எடுக்க வந்தீங்களா, எங்களுக்குச் சாம்பிராணி போட வந்தீங்களா?" என்றேன். கேமராக்காரர் சிரித்துத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. மறுதடவை வேறு மாதிரி சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு டப்பிங் என்று சென்னைக்கு வரச்சொன்னார்கள். திரையில் நான் வாயசைப்பேன். அதற்குச் சரியாக நானே மறுபடியும் பேச வேண்டுமாம். அன்று பேசியதைக் காதிலும் போட்டார்கள். ஆனால் வாய் திறந்தால் புதுசாகத்தான் வந்தது; 'மாப்ள'க்குப் பின்னால் ஒரு 'சாமி' சேர்ந்துகொண்டது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து சவுண்டு தம்பி சொன்னார்: "அம்மா, நடுவுல 'சாமி' இல்லம்மா."

"அன்னைக்குச் சொல்லாட்டி என்னுங்க? இப்பச் சொல்றேன். நல்லாத்தானுங்களே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கு. உங்க உதட்டுல இல்லையே."

"அந்த உதடும் என்னுதுதானுங்களே!"

அந்த அறையில் சிரிக்க ஓர் ஆள் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து, "நாங்க பாத்துக்கறோம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள்.

படம் வந்ததும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுத் தியேட்டருக்குப் போனேன். திரையில் நான் வாய் திறந்தேன், எவளோ பேசினாள். "தண்ணிங்க எடுக்கங்க வந்தீங்களாங்க" என்று கண்ட இடத்திலெல்லாம் 'ங்க' போட்டு இழுத்தாள். எங்கள் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அதற்கும் தியேட்டரே சிரித்தது. சிரிக்காமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"அக்கா, உன்னையப் பாத்துத்தான் சிரிக்கறாங்க" என்றாள் தங்கச்சி.

"என்னையப் பாத்தில்ல. அவளக் கேட்டு."

போன மாசம் வேறொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. இட்லிக் கடைக்காரி வேஷமாம். "கொரலு யாருதுங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

"அப்ப மூஞ்சியவும் அப்பறமே பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

தங்கச்சி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த வேஷத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ச் சந்தையிலேயேதான் எடுக்கிறார்கள். இட்லிக் கடை போட்டிருக்கும் விதமே சரியில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. காய்கறிகூட இப்போது வேறு பக்கம்தான் வாங்குகிறேன்.