யோகராஜும் என் ஆயில் கூலரும்

யோகராஜ் போய்விட்டான்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வந்தபோது நான் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவன் இடம் காலி. அதுவரை லீவு போட்டிருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன்.

நல்லவன், உதவி செய்பவன் என்று எல்லோரும் இங்கே பதிவு எழுதிவிட்டீர்கள். உண்மைதான். நான் வேறு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு அவன்மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை... பதினாறு வருஷப் பொறாமை.

அவன் நிக்கோபாரில் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சிலோனிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயர் வந்து எங்கள் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தான். என் மேஜைக்கு அடுத்த மேஜை.

இரண்டு பேருக்கும் கார் பைத்தியம். கழித்துவிட்ட சர்க்கார் வண்டிகளை ஏலம் விட்டபோது ஒரே மாடலில், ஒரே வெள்ளை நிறத்தில் ஆளுக்கு ஒன்று எடுத்தோம். இரண்டிலும் இழுவை கூட்ட டர்போ மாட்டினோம். வேலை முழுக்க எங்கள் கையாலேயே.

ஆனால் சிடியாதாப்பு ரோட்டு ஏற்றத்தில் அவன் வண்டி தேர்ட் கியரில் போகும். என்னுடையது செகண்டுக்கு இறங்கும்.

ஏன் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

இதில் வீட்டிலும் அவன் பெயர்தான். என் மச்சான் ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் வந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி சொல்கிறாள், "எதுக்கும் யோகராஜ் அண்ணன ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்..."

எதுக்கும்!

ஒருநாள் அவன் வண்டியின் முன்பக்கம் கம்பி வலைக்குப் பின்னால் புதிதாக ஒன்று தெரிந்தது. சின்ன ரேடியேட்டர் மாதிரி. ஆயில் கூலர். இன்ஜின் ஆயிலைக் குளிரவைக்கும் சாமான். பார்த்த நிமிஷமே எனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவனிடமே கேட்டேன்.

"ஒனக்கு வேணாம்டா," என்றான். யோசிக்கக்கூட இல்லை.

"ஏன், உனக்கு மட்டும்தான் வேணுமா?"

"நான் மாசம் ரெண்டு தடவ டிக்ளிபூர் போயி வர்றேன். அவ்வளவு தூரம், ஆளு சாமானோட. ஆயிலு கொதிக்குது. நீ குட்வில் எஸ்டேட்லருந்து ஆபீஸ் வர்ற. ஆயிலு சூடாகுறதுக்குள்ள வண்டிய நிறுத்திர்ற. அத இன்னும் குளிர வச்சா ஈரம் உள்ளயே தங்கிரும்."

"ஏத்தத்துல என் வண்டியும் சூடாகுது."

"ஆயிலு எவ்வளவு சூடுன்னு பாத்தியா? மொதல்ல ஒரு டெம்பரேச்சர் கேஜ் மாட்டு. ரெண்டு மாசம் பாரு. அப்பறமா வேணுமா வேணாமான்னு யோசிப்போம். மாட்டுனாலும் தெர்மோஸ்டாட் வச்சு மாட்டு. சூடு ஏறுனாத்தான் ஆயிலு கூலருக்குப் போகணும்."

நல்ல யோசனை. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்... என் வண்டி அவன் வண்டிக்குச் சமமாக வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறான்.

கேஜ் வாங்கவில்லை. மெயின்லேண்டிலிருந்து கூலர் மட்டும் வரவழைத்தேன். கப்பலில் வந்து சேர மூன்று வாரம். அவனிடம் சொல்லாமல் மாட்டினேன். தெர்மோஸ்டாட்டும் இல்லை.

சில மாதங்களில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறத்தில் கொழகொழவென்று... பார்த்தேன். துடைத்துவிட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு மழைநாளில் இன்ஜினுக்குள் தட்டும் சத்தம். ஈரம் கலந்த ஆயிலில் பேரிங் போய்விட்டது.

ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் சுற்றி நின்று விசாரித்தார்கள். நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பெங்காலிக்காரர் பிஸ்வாஸ் இந்தியில் கேட்டார், "அரே, யே கூலர் கிஸ்னே லக்வாயா?" யார் சொல்லி மாட்டினாய் என்று.

"யோகராஜ்தான் மாட்டச் சொன்னான்," என்றேன், நானும் இந்தியிலேயே.

ஏன் அப்படி வாயில் வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

திரும்பிப் பார்த்தால் பின்னால் டீ கிளாஸோடு யோகராஜ்.

என்னைப் பார்த்தான். பிறகு அவர்களைப் பார்த்து, "ஆமா தாதா, நாந்தான் சொன்னேன். தப்பாப் போச்சு," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு பேருமாக இன்ஜினைப் பிரித்தோம். கூலரை அவனே கழற்றிச் சுவரோரம் வைத்தான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டேன், "ஏன்டா அன்னைக்கு அப்படிச் சொன்ன?"

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியலடா," என்று சிரித்தான். "மீன் கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் அதுவரை வண்டிக்கு ஒன்றென்றால் அவனைத் தேடி வந்தவர்களில் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் என்னிடம் வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன், ரொம்பப் பிடித்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் சிப்பிகாட்டில் அவன் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. தெலுங்குக்காரர்கள், பெங்காலிகள், மலையாளிகள், கட்சாலிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட அவன் ஜனங்கள்... ரோடுவரை கூட்டம். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று நினைத்தேன். அங்கே நின்றுகொண்டும் அதைத்தான் நினைத்தேன்.

பிஸ்வாஸ் தாதா என் தோளில் கை போட்டார். "அச்சா ஆத்மி தா. பஸ், உஸ் கூலர் கே மாம்லே மே துஜே கலத் போல் தியா."

நல்ல மனுஷன், அந்தக் கூலர் விஷயத்தில் மட்டும் உனக்குத் தவறாகச் சொல்லிவிட்டான் என்கிறார். பக்கத்தில் அவன் மனைவி சாந்தி. அவர் காதிலும் விழுந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன். தாதா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. யாராவது படித்துச் சொல்லுங்கள்... யோகராஜ் வேண்டாம் என்றுதான் சொன்னான். சும்மா இல்லை, காரணத்தோடு சொன்னான். கேட்காமல் மாட்டியது நான். பழியை அவன்மேல் போட்டதும் நான்.

கமெண்டில் எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். சிப்பிகாட் பக்கம் போகிறவர்கள் சாந்தியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நானும் நாளைக்குப் போகிறேன்.

போயிட்டு வாடா, யோகா.