முழுதாக ஒடித்த ஸ்டியரிங்

என் ஜீப்பின் உயரத்தைக் கூட்டிக் கட்டிய திமிரில், காஞ்சிபுரத்து டயர் கடையில் இருப்பதிலேயே பெரிய டயரைக் கேட்டேன். ஆள் ஏறாத வண்டியில் சக்கரத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். கடைக்கார அம்மா முன்சக்கரங்களில் அதை மாட்டிவிட்டு, பஞ்சருக்குக் காத்திருந்த நான்கு பேரை வண்டியில் ஏற்றினார்.

“ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுப் பாருப்பா.”

“டயர் வாங்க இவ்ளோ பரீட்சையா?” என்று எரிந்து விழுந்தபடியே ஒடித்தேன். உரசல் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், டயர் பிரேக் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“ஆளு ஏறினா வண்டி அமுங்குதுபா. இப்படியே ஓட்டிக்கினு இருந்தா டியூப் அறுந்து பிரேக்கே புடிக்காது.”

அன்று மாலை என் மகள்களோடு தாமல் ஏரிக்கரைக்குப் போவதாக இருந்தேன். ஒரு சைஸ் சின்ன டயரை மாட்டி அனுப்பினார். வீம்பில் நன்றிகூடச் சொல்லவில்லை.

இப்போதும் கரைச் சரிவில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த உரசல் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். பின்சீட்டில் மகள்கள் சிரிப்பதுதான் கேட்கிறது.