ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பக்கத்தில் என் அப்பா

என் மாமியார் இறந்தபோது அடித்த கல்வெட்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்னால் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் குடும்ப அட்டவணை. அட்டவணையில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே மருமக்களின் பெயர் வரும். அந்தப் புத்தகத்தில் என் கணவரின் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு இருக்கிறது. அந்தக் கோடுதான் நான்.

மாமியார் படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவவைக் கழுவித் துடைத்தது நான். புத்தகம் அடிப்பித்தது என் கணவரின் அக்கா, என் மச்சாள். பேச்சில் அவவை நான் மரியாதையாக ‘அவ’ என்றுதான் சொல்வேன். எழுதும்போது ‘அவள்’ என்று எழுதப் போகிறேன். அப்படி எழுத எனக்கு நன்றாக இருக்கிறது.

கோட்டைப் பார்த்துவிட்டு என் கணவர், “அடிக்கேக்க பிழைச்சுப் போச்சுது போல” என்றார். நல்ல மனிதர். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அன்றைக்கு நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது, மச்சாள் யாரோ உறவுக்காரிக்குச் சொன்னாள். “கொட்டாஞ்சேனை நாட்டாமைட மகளை எங்க கொண்டுபோய்ப் போடுறது? வேதக்காரி வேற.” கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர், வேதக்காரி என்றால் கிறிஸ்தவப் பெண். குரலைக் குறைக்கக்கூட இல்லை. நான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு முதலில் நீட்டினேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களுக்கு முன்னால் கதை வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். கதைக்காதவள் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள் என்று மச்சாள் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு என் கணவரும் போனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்தது கனடாவிலிருந்து வந்த மச்சாளின் மகன். அதனால் எல்லாம் தன் கையில் என்று மச்சாள் முடிவு கட்டிவிட்டாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள், பக்கத்து ஒழுங்கையிலிருந்து எங்கள் பிளட்டுக்கு ஏறி வந்தாள்.

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். புத்தக வேலையை நான் பாக்கிறன். எங்கட பக்க அட்டவணையைத் என்ர மகன் அடிச்சு வச்சிருக்கிறான்.”

“புத்தகத்தை நான் அடிப்பிக்கிறன், மச்சாள்” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “உமக்கு வாசிக்கவே கண் தெரியாது.”

“டைப் பண்ணுற கடைப் பிள்ளை வாசிக்கும்.”

“சரி, செய்யும். உம்மட பக்க ஆக்களையும் போடுறதெண்டால் பின்பக்கத்தில சின்னனாப் போடும். எங்கட பக்கத்தோட கலக்க வேண்டாம்.”

“ஓம் மச்சாள்” என்றேன். எப்போதும் சொல்கிற ‘ஓம்’தான். அவள் அதை நம்பிப் போனாள்.

கொழும்பில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் போட்டோக் கொப்பி எடுக்கிற, தமிழில் டைப் பண்ணுகிற சின்னக் கடை இருக்கிறது. பாமன்கடைப் பகுதியிலிருந்து வருகிற ஒரு பிள்ளைதான் அங்கே டைப் பண்ணுகிறது. விசாப் பேப்பர்களோடு எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போவேன், அப்போதுதான் சனம் குறைவு. அந்தப் பிள்ளை எனக்குத் தன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தது.

மச்சாளின் மகன் அனுப்பிய அட்டவணை கொம்பியூட்டரில் ஏற்கெனவே வந்திருந்தது. முதல் வரியில் மாமனார், தொழில் புகையிரத நிலைய அதிபர், அதாவது ஸ்டேஷன் மாஸ்டர். அடுத்து மாமியார். பிறகு பிள்ளைகள் இரண்டு பேர், மச்சாளும் என் கணவரும். மச்சாளின் பிள்ளைகள் என்ற இடத்தில் மகன் மட்டும் இருந்தான். அவளுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். சிங்களப் பொடியனைக் கட்டி நுகேகொடையில் இருக்கிறாள், பிள்ளைகளும் உண்டு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மச்சாள் அவளின் பேரை எடுப்பதில்லை. மாமியாரின் புத்தகத்திலும் அவள் இல்லை. எனக்காவது ஒரு கோடு கிடைத்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

“இப்ப உங்கட பக்கத்தைச் சொல்லுங்கோ அன்ரி” என்றது பிள்ளை.

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“தொழில்?”

“நாட்டாமை.”

“துறைமுகத்தில வேலை எண்டு போடுவமா? அது கொஞ்சம் வடிவா இருக்கும்.”

“இல்லை பிள்ளை. மூட்டை தூக்கின மனுசன். நாட்டாமை எண்டே போடுங்கோ.”

அடுத்து கொன்வென்ட் குசினியில் சமைத்த அம்மா. பிறகு அண்ணன்மார், அக்காமார், தங்கச்சிமார், அவர்களைக் கட்டியவர்கள், அவர்களின் பிள்ளைகள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. சொல்லச் சொல்ல அட்டவணை கீழே கீழே இறங்கிக்கொண்டு போனது.

“இதை அடுத்த பக்கத்தில போடவா?”

“இல்லை. அவைட அட்டவணைக்குப் பக்கத்தில. ஒரே பக்கம். அவைட அப்பாவுக்கு நேரே என்ர அப்பா வரவேணும்.”

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அது நினைத்த மாதிரிச் சுலபமான வேலை இல்லை. எங்கள் அட்டவணையை மேலே இழுத்தால், அது மறுபடியும் போய் அவர்களின் அட்டவணைக்குக் கீழே குந்தியது. குசினியில் நிற்கிற என்னைப் போல. நடுவில் இருந்த வெறும் வரியை அழித்தபோது, இரண்டும் டக்கென்று ஒட்டி ஒரே அட்டவணை ஆகிவிட்டது. மச்சாளின் மகனுக்குக் கீழே என் அப்பா, மூட்டையோடு.

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. “ரெண்டு குடும்பமும் ஒண்டாப் போச்சுது அன்ரி! இப்பிடியே விடுவமா?”

“ஐயோ வேண்டாம். ஒட்டவும் வேண்டாம், கீழ போகவும் வேண்டாம்.”

கடைசியில் அது வேறு வழி செய்தது. முதலில் பக்கம் முழுக்க ஒரு பெரிய அட்டவணை போட்டது. அதில் இரண்டே இரண்டு கட்டம், பக்கத்துப் பக்கத்து அறை மாதிரி. இடது கட்டத்துக்குள் அவர்களின் அட்டவணையை வைத்தது, வலது கட்டத்துக்குள் எங்களுடையதை வைத்தது. பிறகு வெளிக் கட்டத்தின் கோடுகளை மட்டும் இல்லாமல் செய்தது. கட்டம் அங்கேயே இருக்கும், பேப்பரில் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அகலம், ஒரே எழுத்து, ஒரே உயரத்தில் வரிகள். புகையிரத நிலைய அதிபருக்கு நேரே நாட்டாமை வந்து நின்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

அப்போதுதான் இன்னொன்றையும் கண்டேன். எங்கள் பக்கம் தாளின் அடி வரைக்கும் போகிறது. அவர்களின் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெள்ளை, கழுவி வைத்த தட்டு மாதிரி.

“இந்த இடம் வெறுமையாக் கிடக்குது. ஏதும் போடுவமா?” என்று பிள்ளை கேட்டது.

மச்சாளின் மகளின் பெயரை நானே அந்த இடத்தில் போட்டிருக்கலாம். பெயர் தெரியும், பிள்ளைகளின் பெயரும் தெரியும். போடவில்லை. போட்டால் அவளின் பிழையை நான் திருத்திக் கொடுத்தது மாதிரி ஆகும். ஏன் அவளுக்கு அந்த உதவி?

“கிடக்கட்டும்” என்றேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் மச்சாள் ப்ரூஃப் பார்க்கக் கடைக்கு வந்தாள். பின்னேரம், கடை நிறையச் சனம். நான் ஸ்டூலில் ஒடுங்கிப்போய் இருந்தேன். பிள்ளை தாளை எடுத்து நீட்டியது. மச்சாள் நின்றபடியே பார்த்தாள். கழுத்து சிவந்துகொண்டு வந்தது.

“இதென்ன இது? உம்மட ஆக்களைப் பின்பக்கத்தில போடச் சொன்னனான் அல்லோ?”

“ஒரே பக்கத்தில அடங்கீட்டுது மச்சாள்.”

“எங்கட அப்பாவுக்குப் பக்கத்தில நாட்டாமையோ?”

“நீங்கள் சொல்லுற சொல்லுத்தானே. நானாப் புதுசா ஒண்டும் போடேல்லை.”

தாளைக் கையில் தட்டினாள். “எங்கட பக்கம் என்ன இப்பிடிப் பாதியில நிக்குது? ஆளில்லாத குடும்பம் மாதிரி! உம்மட பக்கத்தைக் குறையும். இவ்வளவு பேரும் என்னத்துக்கு?”

“இருக்கிற சனத்தை நான் எப்பிடிக் குறைக்கிறது, மச்சாள்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. பிறகு, எத்தனையோ வருசமாய் வயிற்றில் வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன். “உங்கட பக்கத்தில இடம் கிடக்குது. மகளைப் போடுங்கோவன். மருமகன், பேரப்பிள்ளையள் எல்லாரையும் போட்டால் நிரம்பீடும்.”

விசாப் பேப்பரோடு நின்ற ஒரு மனிசி, மச்சாளின் பிளட்டில் கீழ் வீட்டுக்காரி, திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு மகளும் இருக்கிறாவோ அக்கா? ஒரு மகன்தான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

 மச்சாள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமல் பிள்ளையிடம், “அந்த இடத்தில ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போடும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். 

பிள்ளை ஒரு விளக்குப் படத்தைத் தேடி எடுத்து வெள்ளையில் வைத்தது. நல்ல பெரிய விளக்கு.

“எடுங்கோ அதை” என்றேன்.

“அந்த அன்ரி பேசுவாவே?”

“புத்தகம் என்ர மனுசன்ர. நன்றிப் பக்கத்தில மனைவி எண்டு நான்தான் இருக்கிறன். எடுங்கோ.”

விளக்கு போனது. மருதானையில் அச்சடித்துப் பெட்டியில் வந்த புத்தகங்களை, முப்பத்தோராம் நாள் காலமை மண்டப வாசல் மேசையில் நானே அடுக்கினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சனம் கதிரைகளில் இருந்து புத்தகத்தைப் புரட்டும் நேரம் வந்தது. தேவாரத்தை யாரும் பார்ப்பதில்லை, நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். நான் தூணோடு நின்று அவர்களின் கண்களையே பார்த்தேன். இடது பக்கம் இறங்கும், பாதியில் நிற்கும், பிறகு மச்சாளைத் தேடும். ஒருவர், இருவர், ஒரு வரிசை முழுக்க. மச்சாளின் பெரியப்பா முறையான ஒரு கிழவர் காது கேளாதவர், அதனால் பெரிதாகத்தான் கதைப்பார். “எங்கையடி பிள்ளை உன்ர பெட்டை? விட்டுட்டியே?” என்று மண்டபம் முழுக்கக் கேட்டார். மச்சாள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் ஆற அமரப் பார்த்தேன். அன்று தேத்தண்ணித் தட்டோடு நின்றவளுக்கு அது போதும் என்று இருந்தது. பிறகு போதாது என்றும் இருந்தது.

அந்த மகளும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் தன் மாமனைப் பார்க்க வந்து போனவள், நான்தான் கூப்பிட்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்து பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, எழுந்து தூணுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“என்னை வைச்சு அம்மாவுக்கு அடிச்சிருக்கிறீங்கள், மாமி.”

“ஓம் பிள்ளை.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை.”

“கேட்டால் வேண்டாம் எண்டிருப்பீர்.”

அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மேசையிலிருந்து இன்னும் இரண்டு புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். தாயிடம் போகவில்லை. தாயும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு மச்சாள் என் பிளட்டுக்கு ஏறுவதில்லை. சந்தையில் கண்டால் மீன்காரனோடு சிங்களத்தில் பெரிதாகக் கதைக்கத் தொடங்கிவிடுவாள். எனக்கு அதில் குறை இல்லை.

போன கிழமை போட்டோக் கொப்பி எடுக்கப் போனபோது, டைப் பண்ணும் பிள்ளை கொம்பியூட்டரைத் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தது. “உங்கட கல்வெட்டு ஃபைல் இன்னும் கிடக்குது அன்ரி. இனித் தேவையில்லைத்தானே, அழிக்கவா?”

“அழிக்காதேங்கோ” என்றேன். “மச்சாளுக்கு என்னைவிட வயசு கூட.”