ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் ஒரு மேகம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அப்பா முதலாளியிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஆண்களைப் படம் எடுக்கும்போது நான் அந்த அறையில் நிற்கக் கூடாது. முதலாளி பள்ளிவாசலுக்குத் தவறாமல் போகிறவர். "என்ட மகள் மாதிரிப் பாத்துக்கொள்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்: "நீ நின்னேன்னு எவனாச்சும் லயத்துல வந்து சொன்னா, மறுநாளே கொழுந்துக் கூடதான்."

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவின் உச்சந்தலையில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முடி கொட்டியிருந்தது. அந்தக் கயிறு என் தலைக்கு வராது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தேன்.

எனக்கு டச்சிங் வேலை. நெகட்டிவில் முகப்பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாம் மெலிந்த இடமாகத் தெரியும். கூர்மையான பென்சிலால் அங்கே பொட்டுப் பொட்டாக நிரப்பினால் படத்தில் அது வெளுத்து மறைந்துவிடும். கலியாணப் பெண்கள் எல்லோரையும் நான்தான் அழகாக்கினேன். ஆண்கள் வந்தால் முதலாளி ஒரு குரல் கொடுப்பார். நான் இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அதற்கு ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, அதுவும் படம் எடுக்கும் அறைக்குள்தான் திறக்கும். சிவப்பு பல்பு, மருந்து நெடி, வெளியே ஆண்கள் சிரிக்கும் சத்தம். அவர்கள் போகும்வரை நான் உள்ளே.

அன்று தியத்தலாவையிலிருந்து இராணுவ ஓட்டக்காரர்கள் நான்கு பேர் கோப்பையோடு வந்தார்கள். கூடவே அவர்களைப் பழக்கும் சார்ஜன்ட். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு படம். ஓடும்போது போடும் காற்சட்டை, பனியனோடுதான் எடுக்க வேண்டுமாம். சிங்களத்தில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே உடை மாற்றினார்கள். நான் உள்ளே தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஏதோ சரிந்து விழும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது.

"மகள், ஒருக்கா வெளியே வாங்க. லைட் ஸ்டாண்டு முறிஞ்சி போச்சு. பிடிக்க ஆள் இல்ல."

"அப்பா..." என்றேன்.

"வாப்பாக்கு நான் பதில் சொல்றேன். வாங்க."

கதவைத் திறந்தேன். ஒருவன் கோப்பையைக் கீழே போடப் பார்த்தான்.

"முதலாளி, இந்த நங்கிய அலுமாரிக்குள்ளயா பூட்டி வச்சிருந்தீங்க?" என்றான். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"வாய மூடுடா. காலை நேரா வை" என்று சார்ஜன்ட் அதட்டினார்.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விளக்கைத் தூக்கினேன். சூடு கன்னத்தில் அடித்தது. முதலாளி எப்போதும் முன்னாலிருந்து இரண்டு விளக்கையும் சமமாக அடிப்பார். கலியாண மாப்பிள்ளைக்கு அது சரி. இவர்களுக்கு அது தொடையையும் கையையும் தலையணை மாதிரி ஆக்கியிருந்தது. மூன்று வருடமாக நெகட்டிவில் நிழலோடு மல்லுக்கட்டியவளுக்கு அது பொறுக்கவில்லை. கையிலிருந்த விளக்கோடு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தேன். ஓட்டக்காரர்களின் கணுக்கால் நரம்பும் தோள் தசையும் எழுந்து வந்தன. கறுப்புத் துணிக்குள்ளிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"அல்லாவே! அப்பிடியே நில்லுங்க மகள். அசையப்படாது."

நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் மற்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நான் மறந்துபோனேன்.

சாயங்காலம் நெகட்டிவைக் கழுவித் தூக்கிப் பிடித்தேன். ஐந்து பேரும் சிலை மாதிரி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், திரையில் வரைந்திருந்த ஏரிக்கு மேலே, வானத்தில் என் நிழல். தூக்கிய கை, மூக்கு, இடுப்புவரை தொங்கும் பின்னல். ஊரில் யார் பார்த்தாலும் பெண்பிள்ளை என்பார்கள். எங்கள் லயத்து ஆட்கள் பார்த்தால் என் பெயரையே சொல்வார்கள்.

"இதத்தான் பெருசாக்கி முன் கண்ணாடியில வைக்கப் போறேன்" என்றார் முதலாளி. "இப்பிடி ஒரு படம் நான் எடுத்ததே இல்ல." பிறகு நெகட்டிவை வெளிச்சத்தில் பார்த்தார். நிழல் அவர் கண்ணிலும் பட்டது. "அவங்கள இன்னொருக்கா கூப்பிட ஏலாது. மகள், நீங்கதான் அழிக்கணும்."

சம்பளம் வாங்கியபின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடி முன்னால்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் மூக்கை எடுத்தேன். பிறகு முழங்கையை. கைவிரல்கள் சுலபமாகப் போயின. பின்னல்தான் போக மறுத்தது. ஒவ்வொரு பிரியாக நிரப்ப வேண்டியிருந்தது. அந்த ஸ்டூடியோவில் எடுத்த படங்களிலேயே நல்ல படத்துக்கு வெளிச்சம் பிடித்தவள் நான். அதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே பொட்டுப் பொட்டாகக் கொன்றுகொண்டிருந்தேன். எவ்வளவு முயன்றும் வானம் ஒரே சீராக வரவில்லை. கடைசியில் அதை ஒரு மேகமாக உருட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டம் இருக்கும் ஹாலிஎலவிலிருந்து அப்பாவும் நானும் பதுளைக்குச் சாமான் வாங்க வந்தோம். கண்ணாடி முன்னால் அப்பா நின்றுவிட்டார்.

"பட்டாளத்துக்காரனுங்களா?"

"ஆமாப்பா. ஓட்டக்காரங்க."

"கால்ல நரம்பு தெரியுது பாரு. ஒங்க முதலாளி கெட்டிக்காரருதான்." கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார். "மேல என்னா, மேகமா?"

"மேகந்தாம்பா."

"மழ மேகமாட்டம் இருக்கு." திரும்பி என்னைப் பார்த்தார். "இவனுங்க வந்தப்ப நீ எங்க இருந்த?"

"உள்ளாறதான் இருந்தேன்."

அவர் தலையாட்டினார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடத் துடித்தேன். அம்மாவுக்கு வாங்கிய புதுக் கூடைக் கயிறு அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாக ஒரு மாப்பிள்ளை தன் தோழர்களோடு வந்தார். "மகள்" என்று முதலாளி குரல் கொடுத்தார். நான் எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.